பிகானீரின் காலணா அட்டை

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பிகானீர் என்று அச்சிட்ட சின்ன அட்டை இருந்தது. மன்னர் படத்தோடு 'ஒரு பைசா' என்றிருக்கிறது. இது பணமா? அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?
- திருச்சி வாசகர்

பதில்: பணமேதான். இன்றைய ராஜஸ்தானில் இருக்கும் பிகானீர் அப்போது மன்னராட்சிச் சமஸ்தானம். அது வெளியிட்ட இந்த அட்டையைக் 'கேஷ் கூப்பன்' என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் செம்பும் நிக்கலும் ஆயுதத் தொழிற்சாலைக்குப் போயின. மிஞ்சிய காசை மக்கள் பதுக்கினார்கள். அன்றைய ஒரு பைசாதான் காலணா; ரூபாய்க்கு 64 காலணா. அந்தக் காலணா கையில் இல்லாவிட்டால் உப்பு, தீப்பெட்டி வியாபாரமே நின்றுவிடும். 1943-இல் ஆங்கிலேய அரசு ஓட்டைக் காலணா அடித்ததும் உலோகத்தை மிச்சம் பிடிக்கத்தான். பிகானீரோ காசு அடிக்கும் வேலையை 1890களிலேயே கல்கத்தா நாணயச்சாலையிடம் விட்டிருந்தது. அச்சகமும் அட்டையும்தான் கைக்கெட்டின. மோர்வி, ஜுனாகத் போன்ற சமஸ்தானங்களும் இதையே செய்தன.

படத்தில் இருப்பவர் யார் என்று முதலில் பாருங்கள். பிகானீர் மன்னர் கங்கா சிங் 1943 பிப்ரவரியில் காலமானார். அவருக்குப் பின் மன்னரான சாதுல் சிங் படமென்றால் உங்கள் அட்டை அதற்குப் பிந்தியது.

அடுத்து, பத்து மடங்கு லென்ஸ். நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் கலந்து தெரிந்தால் இன்றைய பிரிண்டர் வேலை. அந்தக் காலப் படத்திலும் புள்ளி இருக்கும், ஆனால் ஒரே மையின் நிறத்தில். பிறகு இருட்டறையில் புற ஊதா விளக்கில் காட்டுங்கள். நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படலாம். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் அந்த ரசாயனம் பிற்காலத்தில்தான் பரவலாகச் சேர்க்கப்பட்டது. பளிச்சிடாததாலேயே அசல் என்றும் முடிவு கட்டாதீர்கள்; பழைய அட்டையில் புதிதாக அச்சடிப்பவர்களும் உண்டு.

கழுவ வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம், செலோடேப் கூடவே கூடாது. லேமினேஷன் செய்தால் மதிப்பு போயே போய்விடும். பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் உறையே நல்லது. இன்று எந்த வங்கியும் இதை மாற்றித் தராது, சேகரிப்பவர்களிடம்தான் விலை.

கேள்வி: இலங்கையிலும் இப்படி வந்ததா?
- யாழ்ப்பாண வாசகி

பதில்: வந்தது. 1942-இல் வெளியான ஐந்து சத நோட்டின் நடுவே தபால்தலைபோல் துளை வரிசை இருக்கும். கிழித்தால் ஒரு பாதி இரண்டு சதம், மறுபாதி மூன்று சதம். கிழிக்காத நோட்டுக்கே கிராக்கி அதிகம் என்பதால், பிரிந்த பாதிகளைப் பசையால் ஒட்டி விற்கிறார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: ஒட்டிய இடம் கருத்த கோடாகத் தெரியும், துளைகளும் அடைபட்டிருக்கும்.