3 கிலோ பூனைக்கு எந்த மயக்க மருந்து சர்க்யூட்?
வணக்கம் டாக்டர். கோத்தகிரியில் 3 கிலோ பூனைக்குக் கருத்தடை செய்யும்போது சர்க்கிள் சர்க்யூட்டில் (மயக்க வாயு வட்டமாகச் சுற்றிவரும் குழாய்த் தொகுப்பு) மூச்சுத் திணறுகிறது, விழிக்கும்போது உடம்பு சில்லிட்டிருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்த சர்க்யூட்டை மாற்றுங்கள். வால்வுகளையும், கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைமையும் தாண்டி மூச்சு இழுப்பது அவ்வளவு சின்ன உயிருக்குப் பெரிய பாடு. சோடா லைம் இல்லாத ஜாக்சன்-ரீஸ் அல்லது பெயின் (Bain) சர்க்யூட் போடுங்கள். வாயு ஓட்டம் கிலோவுக்கு நிமிடத்துக்கு 300 மி.லி. என்றால் 900 வரும். 1 லிட்டரே வைத்துவிடலாம். மூச்சுப் பை அரை லிட்டர் போதும்.

பெயின் என்றால், அது குழாய்க்குள் குழாய் என்பதால், ஒவ்வொரு முறையும் உள்குழாயைச் சோதித்துவிடுங்கள். பூனை பக்கத்து நுனியில் உள்குழாயை மட்டும் சிரிஞ்சின் பிஸ்டனால் ஒரு நொடி அடைத்தால் வாயு ஓட்டத்தைக் காட்டும் ஃப்ளோமீட்டர் மிதவை சற்று இறங்கும். இறங்காவிட்டால் உள்ளே கழன்றிருக்கிறது. விட்ட மூச்சையே பூனை திரும்ப இழுக்கும். அதைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள்.

அப்புறம் குளிர். சிலிண்டர் வாயு வறண்டு, சில்லென்று நேரே நுரையீரலுக்குப் போகும். நம் மலைக் குளிரில் அறுவை முடிந்தபின் போர்த்துவது தாமதம், மயங்கியதுமே போர்த்துங்கள்.

மலை உயரத்துக்காக ஐசோஃப்ளூரேன் (மயக்க மருந்து) டயலைக் கூட்ட வேண்டாம். மயக்கத்தின் ஆழம் மருந்தின் பகுதி அழுத்தத்தைப் பொறுத்தது; மருந்தை ஆவியாக்கும் சாதாரண வேப்பரைசர் தரும் அந்த அழுத்தம் இங்கேயும் கிட்டத்தட்ட அதேதான்.