போட்டோஷாப் உறைந்து நின்றால் முதலில் எங்கே பார்ப்பது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எடுத்த காவடிப் படங்களைத் திருத்தும்போது போட்டோஷாப் உறைந்துவிடுகிறது, 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு ராண்டைக் கொட்டாதீர்கள்.

முதலில் சி டிரைவில் எவ்வளவு இடம் காலி என்று பாருங்கள். ரேம் போதாதபோது போட்டோஷாப் டிரைவிலேயே தற்காலிகமாக இடம் பிடித்து வேலை செய்யும். அதுதான் ஸ்க்ராட்ச் டிஸ்க். ஒரு 24 மெகாபிக்சல் படத்தை 16 பிட்டில் ஒரே லேயராகத் திறந்தாலே சுமார் 140 எம்பி பிடிக்கும். லேயர் ஏற ஏற அதுவும் ஏறும்.

ஊகிக்கவே வேண்டாம், அளந்து பார்க்கலாம். பட ஜன்னலின் கீழ் ஓரத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும்; அதை அழுத்தி 'எஃபிஷியன்சி'யைத் தேர்ந்தெடுங்கள். எண் 100-க்குக் கீழே போனால் டிஸ்க்கில் ஓடுகிறது என்று அர்த்தம். குரோமை மூடுங்கள், ஹிஸ்டரி ஸ்டேட்ஸை (பின்னோக்கிச் செல்ல நினைவில் வைக்கும் படிகளை) 20 ஆகக் குறைத்துவிடுங்கள், ஸ்க்ராட்ச் டிஸ்க்கை இடமுள்ள எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

100-லேயே நின்றும் உறைகிறதா? அப்போது என் சந்தேகம் கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் மேல்தான். பிரிஃபரன்ஸில் கிராபிக்ஸ் பிராசஸர் டிக்கை எடுத்துப் பாருங்கள். சரியானால் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு டிக்கைத் திரும்பப் போடுங்கள்.

மின்வெட்டு நேரத்தில் மட்டும் மந்தம் என்றால் விஷயமே வேறு. பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம், டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் மெத்தை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள். காற்றுத் துளை அடைபட்டுச் சூடேறினாலும் இதே கதைதான்.