இதயப்புழு: மாதாமாதம் மாத்திரை எதற்கு?

டெக்சஸில் நாய், பூனை வளர்க்கும் நம்மவர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்.

டாக்டர், எங்கள் லாப்ரடார் ஹூஸ்டனில் வீட்டை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. அதற்கும் மாத்திரை வேண்டுமா?

நாய் வெளியே போகாவிட்டால் என்ன, கொசு உள்ளே வருகிறதே! இதயப்புழு என்பது கொசுக்கடியால் பரவி, இதயத்திலும் நுரையீரல் ரத்தக்குழாயிலும் வாழும் புழு. அது நாய்க்கு நாய் நேரடியாகத் தொற்றாது. நோயுள்ள நாயையோ கொயோட்டியையோ (ஓநாய் போன்ற காட்டு விலங்கு) கடித்த கொசுவுக்குள் அந்தப் புழுவின் குஞ்சுகளான நுண்புழுக்கள் போய், வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்குள் தொற்றும் பருவத்துக்கு வளர்ந்துவிடும். பிறகு ஒரு கடி போதும்.

போன மாதம் கொடுக்க மறந்துவிட்டேன். இந்த மாதம் இரண்டாகக் கொடுக்கலாமா?

வேண்டாம், ஒன்றுதான். பலரும் இந்த மாத்திரை வரப்போகும் கடியைத் தடுக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. கடந்த ஒரு மாதத்தில் உள்ளே புகுந்த இளம்புழுக்களைத்தான் அது கொல்கிறது. இரண்டு மாதம் நெருங்கும்போது அவை அடுத்த பருவத்துக்குப் போய்விடும். அதன்பின் மாத்திரையை நம்ப முடியாது. அதனால் நினைவு வந்த அன்றே ஒன்று கொடுத்துவிட்டு உங்கள் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். இடைவெளி நீண்டிருந்தால் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை, ஆறு மாதம் கழித்து இன்னொன்று. வழக்கமான பரிசோதனை வளர்ந்த பெண்புழுவைத்தான் காட்டும். நேற்றைய கடி இன்றைக்குத் தெரியாது.

ஊரில் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் பாட்டில் இருக்கிறது. இதயப்புழு மாத்திரையிலும் அதே மருந்துதானே, அதைக் கொடுத்தால் என்ன?

மருந்து அதேதான், அளவுதான் ஆளைக் கொல்லும். இதயப்புழுத் தடுப்புக்கு நாயின் எடையில் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் போதும். 20 கிலோ நாய்க்கு 120. மாட்டு ஊசி மருந்தில் ஒரு மில்லியிலேயே 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. ஒரு சொட்டு விட்டாலே தேவையைப் போல நான்கு மடங்கு. கோலி இன நாய்கள் பலவற்றுக்கு மரபிலேயே இந்த மருந்தின் அதிக அளவு மூளையைத் தாக்கும். பாட்டிலை மாட்டுக்கே விட்டுவிடுங்கள்.

பூனைக்கும் வருமா அக்கா?

வரும். ஒன்றிரண்டு புழுக்கள்தான் இருக்கும், ஆனால் அதற்கே நுரையீரல் கெட்டுவிடும். இருமலும் இழுப்புமாக இருப்பதைப் பார்த்து ஆஸ்துமா என்று விட்டுவிடுவார்கள். சில பூனைகள் எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென்று சாகும். வளர்ந்த இதயப்புழுவைக் கொல்ல நாய்க்குப் போடும் ஊசியைப் பூனைக்குப் போட முடியாது. ஆக, தடுப்பு ஒன்றே வழி. செலாமெக்டின் போன்ற சொட்டு மருந்தை மாதம் ஒருமுறை பிடரியில் விடலாம். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தை மட்டும் பூனை மேல் விட்டுவிடாதீர்கள், அது விஷம்.

காப்பகத்திலிருந்து எடுத்த நாய்க்கு இதயப்புழு பாசிட்டிவ் என்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிடவா?

ஏன்? பெரும்பாலானவை குணமாகின்றன. முதலில் நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின். புழுவுக்குள் வாழும் ஒரு பாக்டீரியாவைக் கொல்ல. ஒரு மாத இடைவெளிக்குப் பின் முதுகுத் தசையில், வளர்ந்த புழுவைக் கொல்லும் மெலார்சோமின் ஊசி ஒன்று. இன்னொரு மாதம் கழித்து அடுத்தடுத்த நாளில் இரண்டு. செலவு அதிகம்தான். ஆனால் உண்மையான கஷ்டம் நாயை அடக்கி வைப்பது. பெண்புழு ஏறக்குறைய ஓர் அடி நீளம். செத்தபின் துண்டுதுண்டாகி நுரையீரல் ரத்தக்குழாயில் போய் அடைக்கும். அந்த நேரத்தில் பந்து பிடிக்க ஓடினால் உயிருக்கே ஆபத்து. சில மாதங்களுக்கு சங்கிலியோடு கொல்லைக்குப் போய் வருவது மட்டும்தான். பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

சென்னையில் அப்பா வளர்க்கும் நாய்க்கும் இதே பயமா?

இந்தியாவில் இதயப்புழு அசாம், மிசோரம் போன்ற வடகிழக்கில்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. தெற்கே அதன் உறவுக்காரப் புழுவான டைரோஃபைலேரியா ரெபென்ஸ்தான் பரவலாக உண்டு. அது தோலுக்கடியில் வாழும். கேரளத்தில் மனிதர் கண்ணிலிருந்தே அதை எடுத்திருக்கிறார்கள். ரத்தத்தில் நுண்புழு இருப்பதாக ரிப்போர்ட் வந்தால் எந்த வகை என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் நாய் மாத்திரையை வாயோரம் ஒதுக்கி வைத்து, அப்புறம் சோபாவுக்கடியில் துப்புகிறான்!

அப்படியானால் மாக்ஸிடெக்டின் ஊசி இருக்கிறது. ஒருமுறை போட்டால் ஆறு மாதம் தாங்கும், இன்னொரு வகை ஒரு வருடம். உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.