வாசகர் கேள்விகள்: திறமூலத் திட்டங்களை அளப்பது எப்படி?

கேள்வி: எங்கள் திறமூல மென்பொருளுக்கு ஆறு வயது. நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில், மாற்றம் செய்தவர்களைப் பட்டியலிடும் 'கிட் ஷார்ட்லாக்' கட்டளை 212 பங்களிப்பாளர்கள் என்று காட்டுகிறது. ஆண்டறிக்கையில் அப்படியே போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த 212 ஆட்களின் எண்ணிக்கை அல்ல; எத்தனை விதமான பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் பதிவாகியிருக்கின்றன என்பதன் கணக்கு. ஒருவரே அலுவலக மடிக்கணினியில் ஒரு முகவரி, வீட்டில் வேறொன்று, நிரல்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தின் பக்கத்திலேயே திருத்தும்போது 'நோரிப்ளை' (பதில் அனுப்ப முடியாத) முகவரி என்று மூன்று பேராகிவிடுவார். இனிஷியலை ஒரு கணினியில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போடுகிற நம் வழக்கம் இதை இன்னும் பெருக்கும்.

முதலில் களஞ்சியத்தை (திட்டத்தின் நிரலும் அதன் வரலாறும் உள்ள சேமிப்பிடம்) முழு வரலாற்றோடு குளோன் செய்யுங்கள், அதாவது நகலெடுங்கள். தானியங்கிச் சோதனை சர்வர்கள் பெரும்பாலும் கடைசி கமிட்டை (பதிவான மாற்றத்தை) மட்டும் இறக்குகின்றன. அங்கே கணக்கெடுத்தால் ஒரே ஒரு பங்களிப்பாளர்தான் தெரிவார். பிறகு ஷார்ட்லாக்கை எஸ் (எண்ணிக்கை மட்டும்), என் (எண்ணிக்கைப்படி வரிசை), ஈ (முகவரியோடு) தெரிவுகளோடும், கிளைகளை இணைக்கும் கமிட்களை விட்டுவிடும் 'நோ-மெர்ஜஸ்' தெரிவோடும் ஓட்டுங்கள். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஓட்டும்போது கடைசியில் 'ஹெட்' (தற்போதைய கமிட்டைக் குறிக்கும் பெயர்) என்று கட்டாயம் சேருங்கள். சேர்க்காவிட்டால் கட்டளை களஞ்சியத்தைப் படிக்காது. உள்ளீட்டை எதிர்பார்க்கும், எதுவும் வராததால் வெற்று அறிக்கையைத் தரும். பிழைச் செய்தியும் வராது என்பதால் பலர் காரணம் தெரியாமல் தேடுவார்கள்.

வந்த பட்டியலைப் பெயர்வாரியாக ஒரு முறையும், முகவரியின் முற்பகுதிவாரியாக ஒரு முறையும் வரிசைப்படுத்திக் கண்ணால் பாருங்கள். ஒரே ஆள் என்று உறுதியானவர்களைக் களஞ்சியத்தின் வேர் அடைவில் (முதன்மைக் கோப்புறையில்) மெயில்மேப் (.mailmap) கோப்பில் எழுதுங்கள். சரியான பெயர், கோண அடைப்புக்குள் சரியான முகவரி, அடுத்து பழைய முகவரி: ஆளுக்கு ஒரு வரி, பழைய முகவரி பல இருந்தால் பல வரி. ஷார்ட்லாக் இதைத் தானே எடுத்துக்கொள்ளும். 'கிட் லாக்' வடிவமைப்பில் மட்டும் கவனம் தேவை. பெயருக்கும் முகவரிக்கும் உரிய குறியில் இரண்டாம் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டால்தான் (%aN, %aE) மெயில்மேப் செயல்படும். சிறிய எழுத்து பழைய பெயரையே தரும்.

அடுத்து பாட்களை (தானாகக் கமிட் செய்யும் நிரல்களை) நீக்குங்கள். டிபென்டபாட் போன்றவை பெயரிலேயே தெரிந்துவிடும். சாதாரணப் பயனர் கணக்கில் ஓடும் பாட்களைக் கமிட் செய்தியின் ஒரே மாதிரியான வாசகத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஸ்குவாஷ் செய்து (பல கமிட்களை ஒன்றாகச் சுருக்கி) இணைக்கும் திட்டங்களில் கூட்டாக எழுதியவர்கள் 'கோ-ஆத்தர்ட்-பை' வரிகளில் ஒளிந்திருப்பார்கள். அவர்களை எண்ண, ஷார்ட்லாக்கின் 'குரூப்' தெரிவு கிட் 2.29 முதல் உதவுகிறது.

கேள்வி: எங்கள் திட்டம் எத்தனை பேரை நம்பி நிற்கிறது என்று ஒரே எண்ணில் சொல்ல முடியுமா?

பதில்: முடியும். திறமூலத் திட்டங்களின் நலத்தை அளக்க லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் 2017இல் தொடங்கிய கேயாஸ் திட்டம் இதற்கு வரையறை தந்திருக்கிறது: மொத்தப் பங்களிப்பில் பாதியைத் தருகிற மிகக் குறைந்த ஆட்களின் எண்ணிக்கை. கடந்த 12 மாதங்களில் 1,000 கமிட், முதலாமவர் 310, அடுத்தவர் 220 என்றால் இருவரும் சேர்ந்து 530, விடை 2. முழு வரலாற்றுக்கும் கணக்கிட்டால் எப்போதோ விலகிப் போனவர்களும் தாங்கி நிற்பதாகத் தோன்றும்.

இதை அடைவுவாரியாகவும் கணக்கிடுங்கள். கட்டளையின் முடிவில் அடைவின் பெயரைக் கொடுத்தால் போதும். திட்டம் முழுவதற்கும் 6 வரும் இடத்தில், வெளியீட்டுப் பொதிகளை உருவாக்கும் ஸ்கிரிப்டுகளுக்கு 1 வருவது சகஜம். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எண் ஏறினால் நல்லது என்று முடிவுகட்டவும் கூடாது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளைப் பல ஆண்டுகள் ஏறத்தாழ ஒருவரே பராமரித்துவந்தார். பிறகு நம்பிக்கையைப் பெற்று உள்ளே வந்த இரண்டாமவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தார். 2024 மார்ச்சில் மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் அதைக் கண்டுபிடித்தது எந்த அளவீட்டாலும் அல்ல. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக் கணினிக்குள் நுழைவது அரை விநாடி தாமதமானதால். ஆள் கூடினார் என்று எண் சொல்லும். யார், எதை இணைக்கிறார், யார் சரிபார்க்கிறார் என்பதைச் சொல்லாது.

கேள்வி: புல் ரிக்வெஸ்டுகளுக்கு (மாற்றத்தை இணைக்கக் கோரும் விண்ணப்பங்களுக்கு) எவ்வளவு விரைவாகப் பதில் தருகிறோம் என்று அளக்கிறோம். கடைசி மாதம் மட்டும் எப்போதும் பிரமாதமாக வருகிறதே?

பதில்: பதில் கிடைத்தவற்றை மட்டும் எண்ணுவதால் வரும் பிழை இது. போன மாதம் வந்த 40 ரிக்வெஸ்டுகளில் 25க்கு மட்டும் பதில் போயிருந்தால், அந்த 25உம் சீக்கிரம் பதில் கிடைத்தவையே. மெதுவான 15 இன்னும் காத்திருப்பதால் கணக்கில் வரவில்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் '7 நாளுக்குள் பதில் கிடைத்தவை நூற்றுக்கு எத்தனை' என்று, வந்த எல்லாவற்றின் எண்ணிக்கையையும் வகுக்கும் எண்ணாக வைத்துக் கணக்கிடுங்கள். 7 நாள் நிறைவடையாதவற்றை மட்டும் ஒதுக்குங்கள். சராசரியை விட்டுவிட்டு இடைநிலையும் (வரிசையின் நடுவில் வரும் எண்) 90ஆம் சதமானமும் (நூற்றுக்குத் தொண்ணூறு அதற்குள் அடங்கும் எண்) பாருங்கள். ஓராண்டு கிடந்த ஒரே ரிக்வெஸ்ட் சராசரியைக் குலைத்துவிடும். பாட்டின் கருத்தையும், அனுப்பியவர் தானே எழுதிய பின்குறிப்பையும் பதிலாக எண்ணாதீர்கள்.

தரவு எடுக்கும்போது: கிட்ஹப் ஏபிஐயின் (நிரல் வழியாகத் தரவு கேட்கும் வாயில்) 'இஷ்யூஸ்' (பிழைகள், கோரிக்கைகள்) பட்டியலில் புல் ரிக்வெஸ்டுகளும் கலந்து வரும். நிலையைக் குறிப்பிடாவிட்டால் திறந்திருப்பவை மட்டுமே வரும். பக்கத்துக்கு 30 வரும். 100 வரை கேட்கலாம். டோக்கன் (அடையாளச் சாவி) இல்லாமல் மணிக்கு 60 கோரிக்கைதான், டோக்கனோடு 5,000.

கேள்வி: இந்தத் தரவையெல்லாம் திரட்டி அலசும் கிரிமோர்லேப் தொகுப்பை நிறுவ வேண்டுமா?

பதில்: ஒன்றிரண்டு களஞ்சியம் என்றால் தேவையில்லை. அதன் பகுதியான பெர்சிவல் மட்டும் போதும். கிட், கிட்ஹப் தரவுகளை ஜேசன் வடிவில் தரும். பல களஞ்சியம், அஞ்சல் குழு, பிழைப்பதிவு எல்லாம் சேர்ந்தால் முழுத் தொகுப்பு பயன்படும். ஆள் அடையாளங்களை இணைக்கும் சார்ட்டிங்ஹாட், ஒருவர் எந்தத் தேதிவரை எந்த நிறுவனத்தில் இருந்தார் என்பதையும் வைத்துக்கொள்ளும். மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் இதை ஓட்டும்போது, தரவைச் சேமித்துத் தேடும் எலாஸ்டிக்சர்ச் எழாமல் செத்துப்போனால், பெரும்பாலும் லினக்ஸ் கர்னலின் நினைவக வரைபட வரம்பு (vm.max_map_count) குறைவாக இருக்கும். 262144 ஆக உயர்த்துங்கள்.

கேள்வி: பங்களிப்பாளர்களைக் கமிட் எண்ணிக்கைப்படி தரவரிசையிட்டு வெளியிடலாமா?

பதில்: செய்யாதீர்கள். மற்றவர் நிரலைப் படித்துத் திருத்துபவர், மொழிபெயர்ப்பவர், பிழைகளைப் பிரித்து அடுக்குபவர் எல்லாம் அந்தப் பட்டியலில் பூஜ்யமாகிவிடுவார்கள். எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் எண்ணிக்கைதான் வரும். நான்கு புல் ரிக்வெஸ்டுக்கு டி-ஷர்ட் என்றிருந்த, அக்டோபர் மாதத் திறமூலப் பங்களிப்பு நிகழ்வான ஹேக்டோபர்ஃபெஸ்ட் 2020இல் பராமரிப்பாளர்கள் குப்பைத் திருத்தங்களில் மூழ்கினார்கள். தாமாக முன்வரும் திட்டங்கள் மட்டுமே என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. பெயர்களை அகரவரிசையில் நன்றியோடு போடுங்கள். எண்ணாக வெளியிட, முதல் கமிட்டுக்குப் பின் ஆறு மாதத்துக்குள் மீண்டும் வந்தவர்கள் எத்தனை பேர் என்பது போதும். மின்னஞ்சல் முகவரிகள் உள்ள மூலக் கோப்பைப் பொதுவில் வைக்காதீர்கள்.