தந்தைக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்றால் மகனுக்கு எவ்வளவு அபாயம்?

தக்கலையில் வசிக்கும் தங்களுக்கு வயது 54, பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு) 3.1, தந்தைக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருந்தது. தங்களுக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள்.

தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அவருக்கு இளவயதிலேயே வந்திருந்தால் இன்னும் கூடும். ஆகவே பீரோவில் கிடக்கும் அப்பாவின் பழைய திசுப் பரிசோதனை அறிக்கையை எடுத்து, அப்போது அவருக்கு என்ன வயது, ‘கிளீசன்’ (புற்றுநோயின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண்) என்ற சொல்லுக்கு அருகில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். தாய்வழியையும் விசாரியுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோயை வரவழைக்கும் பி.ஆர்.சி.ஏ.2 மரபணு மாற்றம், ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அபாயத்தையும் உயர்த்துகிறது.

பி.எஸ்.ஏ. எண்ணை மட்டும் நம்பக் கூடாது. சிறுநீர்த் தொற்றும் வயதால் பெருத்த சுரப்பியும் அதை உயர்த்தும். பெருத்த சுரப்பிக்குத் தரப்படும் ஃபினாஸ்டரைடு மாத்திரையோ அதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும். அமெரிக்காவில் 2004இல் வெளியான ஆய்வொன்றில், பி.எஸ்.ஏ. 4ஐத் தாண்டாத 2,950 முதியவர்களின் திசுவைச் சோதித்தபோது சுமார் 15 விழுக்காட்டினரிடம் புற்றுநோய் காணப்பட்டது.

இந்த அபாயத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் இணையக் கணிப்பான்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆண்களின் தரவில் உருவானவை. இந்தியாவில் இந்நோய் அங்குள்ளதைவிடக் குறைவு என்பதால், அவை காட்டும் விழுக்காடு நம் மாவட்டத்தாருக்கு மிகையாக இருக்கக்கூடும். அந்த எண்ணைக் கண்டு கலங்காமல், நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ உள்ள சிறுநீரியல் மருத்துவரிடம் அப்பாவின் அறிக்கையோடு செல்லுங்கள்.