அடக்குமுறை நாட்டில் கால்பந்து உலகக் கோப்பை நடத்தலாமா?

"விளையாட்டை விளையாட்டாகப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கத்தாரில் நடந்த 2022 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டியைக் கூடலூரில் ஒரு டீக்கடை வாசலில், அர்ஜென்டினா கொடிக்குக் கீழே நின்று கத்திக்கொண்டே பார்த்தவன் நான். அதனால் யோக்கியன் வேஷம் போட மாட்டேன்.

ஆனால் அதே அர்ஜென்டினா 1978-இல் சொந்த மண்ணில் கோப்பையை வென்றபோது ஆட்சி ராணுவத்தின் கையில் இருந்தது. இறுதிப் போட்டி நடந்த மைதானத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கடற்படைப் பள்ளி. அதற்குள் ரகசியச் சித்திரவதைக் கூடம். மைதானத்தின் ஆரவாரம் உள்ளே கேட்டதாக உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

போட்டி நடந்தால் நாடு திருந்தும் என்பார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்காக யூத வெறுப்புப் பலகைகளைக் கழற்றி வைத்தார்கள், அவ்வளவுதான். கத்தாரில் கொஞ்சம் நடந்தது: முதலாளி அனுமதியின்றி வேலை மாற முடியாது என்ற விதியை 2020-இல் நீக்கினார்கள். வளைகுடாவுக்குப் போய் வந்த நம்ம ஆட்களைக் கேளுங்கள், அதன் அருமை தெரியும். ஆக, நெருக்கினால் பலன் உண்டு. ஆனால் கோப்பையைக் கொடுக்கும் முன்பே நெருக்க வேண்டும். 2034 போட்டிக்குச் சவுதி அரேபியா மட்டுமே களத்தில் நின்றது. 2024 டிசம்பரில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவில் கைதட்டியே கொடுத்துவிட்டார்கள். இனி பேரம் பேச என்ன மிச்சம்?

அப்புறம், ஆட்டக்காரர்களைப் புறக்கணிக்கச் சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்கள் இல்லையே.