கர்த்தர் ராஜா என்று பாடிய பிறகு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: "கர்த்தர் ராஜரிகம்பண்ணுகிறார்" என்று சொல்லும் சங்கீதங்களைக் குடும்ப ஜெபத்தில் ஒரு வாரம் வாசிக்க நினைக்கிறோம். எந்த வரிசையில் வாசிப்பது? வாசித்துவிட்டு அப்படியே எழுந்து போகாமலிருக்க என்ன வழி?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: தேவனை அரசராகப் போற்றும் சங்கீதங்களில் 47, 93, 95 முதல் 99 வரை ஆகிய ஏழையும் பொதுவாக ஒரு தொகுதியாகச் சொல்வார்கள். நாளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். எதுவும் 13 வசனத்தைத் தாண்டாது. 93-ல் ஐந்தே வசனங்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு 47, 95, 96, 98, 99. 97-ஐக் கடைசி நாளுக்கு வைத்துவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஒவ்வொரு நாளும் இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். இரண்டாம் முறை வாசிக்கும்போது ஒரே ஒரு காரியத்தைத் தேடுங்கள்: இந்தச் சங்கீதம் நம்மை என்ன செய்யச் சொல்கிறது? 93-ல் நேரடியான ஏவல் இல்லை. மற்றவற்றில் பாடு, பணி, ஜாதிகளுக்குள்ளே சொல், காணிக்கை கொண்டுவா என்று ஏவல்கள் வரும்.

95-ல்தான் பெரும்பாலான வீடுகள் சறுக்குகின்றன. முழங்காற்படுவோம் வாருங்கள் என்ற வசனத்தோடு நிறுத்திவிட்டு ஜெபத்துக்குப் போய்விடுவார்கள். பிற்பாதி கடுமையாக இருப்பதால் ஆராதனைகளில்கூட அதை விட்டுவிடுவது உண்டு. விடாதீர்கள். வனாந்தரத்தில் மேரிபா, மாசா என்று பெயர்பெற்ற இடத்தில் இருதயத்தைக் கடினப்படுத்தியவர்கள் தேவனை அறியாதவர்கள் அல்ல. செங்கடல் கரையில் நின்று "கர்த்தர் ராஜரிகம்பண்ணுவார்" என்று பாடிய அதே ஜனங்கள்தான் (யாத்திராகமம் 15:18). 17-ஆம் அதிகாரத்தில் தண்ணீர் இல்லை என்றதும் "கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா" என்று கேட்டார்கள். பாடியது பொய்யல்ல, பாட்டு கீழ்ப்படிதலாக மாறவில்லை. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க அந்த இரண்டு அதிகாரங்களையும் அன்றே சேர்த்து வாசிக்கலாம்.

இப்போது 97. முதல் ஆறு வசனங்களில் மேகம், அக்கினி, மெழுகுபோல் உருகும் மலைகள். அடுத்த மூன்றில் விக்கிரகங்களை வணங்குகிறவர்கள் வெட்கப்படுகிறார்கள், சீயோன் மகிழ்கிறது. அதற்குப் பிறகே கர்த்தரில் அன்புகூருகிறவர்களிடம் பேச்சு திரும்புகிறது. அவர்களுக்குச் சொல்லப்படும் முதல் வார்த்தை, தீமையை வெறுத்துவிடுங்கள் என்பது. நீதியும் நியாயமும் அந்தச் சிங்காசனத்தின் ஆதாரம் என்று இரண்டாம் வசனம் முன்னமே சொல்லிவிட்டதால், அநியாயத்தோடு சமாதானமாக இருந்துகொண்டு இந்த அரசரை நேசிக்க முடியாது.

அன்று ஜெபம் முடியுமுன் ஒவ்வொருவரும் தன் கையில் இருக்கும் ஒரு காரியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடட்டும். வேலைக்காரரின் கூலி விடியுமட்டும் நம்மிடம் தங்கலாகாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. கொடுக்காமல் வைத்திருக்கும் சம்பளம் இருக்கிறதா? கடையில் எடை சரியா? திருப்பித் தராத கடன்? மறுநாள் சரிசெய்யக்கூடியதாக இருக்கட்டும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, பேச்சு பக்கத்து வீட்டாரின் தீமைக்கோ நாட்டின் தீமைக்கோ தாவிவிடுவது. குடும்பத் தலைவர் முதலில் தன்னுடையதைச் சொன்னால் அது நடக்காது.

கேள்வி: கர்த்தர் ஆளுகிறார் என்றால் உலகில் இவ்வளவு அநியாயம் ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இதை மறைக்காமல் ஒப்புக்கொள்வது வேதமே. சகலமும் அவருக்குக் கீழ்ப்பட்டிருக்க இன்னும் காணவில்லை என்று எபிரெயர் 2:8 நேராகவே எழுதுகிறது. சத்துருக்கள் எல்லாரும் பாதத்தின் கீழ் வரும்வரை அவர் ஆளவேண்டும், கடைசிச் சத்துரு மரணம் என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 15:25, 26). அரசர் சிங்காசனத்தில் இருக்கிறார், யுத்தம் முடியவில்லை. அதனால்தான் "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று இன்னும் ஜெபிக்கிறோம். துக்க வீட்டில் இந்த இரண்டில் முதலாவதை மட்டும் சொல்லாதீர்கள். புலம்புகிறவரின் வாயை அடைக்க ராஜரிக வசனத்தைப் பயன்படுத்துவது கொடுமை.

கேள்வி: கிறிஸ்துவே ராஜா என்றால் அரசாங்கத்துக்கு எந்த அளவு கீழ்ப்படியவேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: வரி கட்டுங்கள், சட்டத்தை மதியுங்கள், ஆளுகிறவர்களுக்காக ஜெபியுங்கள் (ரோமர் 13, 1 தீமோத்தேயு 2:1, 2). எல்லை எங்கே என்பதை அப்போஸ்தலர் 5:29 சொல்கிறது: மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்கே.

இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள சிமிர்னா நகரின் பேராயர் பாலிகார்ப் இரண்டையும் ஒரே விசாரணையில் காட்டினார். கிறிஸ்துவைத் தூஷித்தால் விடுதலை என்றார் ரோமத் தேசாதிபதி. 86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், எனக்கு அவர் ஒரு தீங்கும் செய்யவில்லை, என்னை இரட்சித்த என் ராஜாவை எப்படித் தூஷிப்பேன் என்று மறுத்தார் அவர். சற்றுப் பின்னர், தேவன் ஏற்படுத்திய அதிகாரங்களுக்கு உரிய கனத்தைச் செலுத்தக் கற்றிருக்கிறோம் என்றும் சொன்னார். கனம் கொடுத்தார், ஆராதனையைக் கொடுக்கவில்லை.

ஹிட்லர் ஆட்சியில், 1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய சபைத் தலைவர்கள், வாழ்வின் எந்தப் பகுதியும் கிறிஸ்துவை விட்டு வேறு எஜமான்களுக்குச் சொந்தமல்ல என்று அறிக்கையிட்டதும் இதே வழியில்தான்.

கேள்வி: கிறிஸ்து அரசர் திருநாள் எப்போது தொடங்கியது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: போப் பதினோராம் பயஸ் 1925 டிசம்பர் 11 அன்று ஏற்படுத்தினார். முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறு. பின்னர், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கு மாற்றப்பட்டது. நவம்பர் 20-க்கும் 26-க்கும் இடையில் வரும். பல சீர்திருத்த சபைகளும் இதை ஆசரிக்கின்றன. கத்தோலிக்க முறையில் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வாசிக்கப்படும் நற்செய்திகளைப் பாருங்கள்: பசித்தவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்னும் நியாயாதிபதி (மத்தேயு 25), பிலாத்துவின் முன் நிற்கும் கைதி (யோவான் 18), கள்வன் பக்கத்தில் சிலுவையில் தொங்குகிறவர் (லூக்கா 23). பொன் கிரீடத்தோடு ஒரு காட்சிகூட இல்லை.

கேள்வி: "நாம் ராஜாவின் பிள்ளைகள், வறுமை நமக்குரியதல்ல" என்று ஒரு கூட்டத்தில் பிரசங்கித்தார்கள். சரியா?
– வாசகர், வேலூர்

பதில்: சரியல்ல. முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி அதிலிருந்து வராது. அவரோடேகூடப் பாடுகளைச் சகித்தோமானால் ஆளுகையும் செய்வோம் என்பதே வேதத்தின் வரிசை (2 தீமோத்தேயு 2:12). இந்தப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் ஏழை விசுவாசி, தன் விசுவாசத்தில்தான் கோளாறு என்று எண்ணிக் கடன் வாங்கிக் காணிக்கை போடுகிறார். அவரிடம் வெளிப்படுத்தல் 2:9-ஐக் காட்டுங்கள். பாலிகார்ப்பின் ஊரான அதே சிமிர்னாவின் சபையிடம், உன் தரித்திரத்தை அறிந்திருக்கிறேன், ஆனாலும் நீ ஐசுவரியமுள்ளவன் என்கிறார் கர்த்தர். அங்கே கடிதம் பெற்ற ஏழு சபைகளில் குறை சொல்லப்படாதவை இரண்டு; அவற்றில் ஒன்று சிமிர்னா.